இயங்கும் நிரலின் நினைவகத்தை அப்படியே புதிய இயங்குகோப்பாக எழுதிவிட முடியுமா?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், 3 ஜூன் 2024

அண்ணா, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பதற்காக நீங்கள் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த சொற்பிழை திருத்தி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கணினியை நிறுத்தித் திறக்கும்போதெல்லாம் சொற்பட்டியலையும் சந்தி விதிகளையும் முதலிலிருந்து ஏற்றிக்கொண்டு நிற்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர் மேசைக்கு எதிரே காத்திருக்கிறார். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் அதே கதை. ஒரு முறை எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும், அந்த நிரலின் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பில் கொட்டி, தலைப்பில் மட்டும் 'இது இயங்குகோப்பு' என்று மாற்றி எழுதிவிட்டால் போதும் என்பது என் கருத்து. நிரல் விழும்போது லினக்ஸ் அதன் நினைவகத்தைக் கொட்டி எழுதும் கோர் கோப்பும், இயங்குகோப்பைப் போலவே இஎல்எஃப் என்ற கோப்பு வடிவம்தானே? போதாது என்றால் ஏன் போதாது?

3 ஜூன் 2024, இரவு

தம்பி, இரண்டும் இஎல்எஃப் வடிவம் என்பது உண்மை. பதினறும முறையில் (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) 7எஃப் என்ற பைட்டிலும், அதையடுத்து ஈ, எல், எஃப் ஆகிய மூன்று எழுத்துகளிலும்தான் இரண்டும் தொடங்குகின்றன. 64 பிட் கணினியில் தலைப்பின் நீளமும் 64 பைட்டுகள். கோப்பின் வகையைச் சொல்லும் எண் சாதாரண இயங்குகோப்புக்கு 2, பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு லைப்ரரிக்கும் எந்த முகவரியிலும் ஏறக்கூடிய இயங்குகோப்புக்கும் 3, கோர் கோப்புக்கு 4. நீங்கள் 4ஐ 2 ஆக்கலாம். ஆக்கிய பிறகு, லினக்ஸின் மையநிரலான கெர்னல் அதை எந்த முகவரியிலிருந்து ஓடத் தொடங்கும்? அதற்கான இடத்தில் லினக்ஸ் எழுதும் கோர் கோப்பில் பூஜ்யம்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கோர் கோப்பில் எவை சேரவேண்டும் என்பதை ஒவ்வொரு செயல்முறைக்கும் (அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) உள்ள கோர்டம்ப்-ஃபில்டர் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. அதன் இயல்பான மதிப்பு, பதினறும முறையில், 33. இந்த மதிப்பில், ஓடும்போது உருவான நினைவகம் எழுதப்படும். வட்டிலிருந்து ஏற்றப்பட்டு மாறாமல் கிடக்கும் பக்கங்கள், அவற்றின் தொடக்கத்தில் உள்ள இஎல்எஃப் தலைப்பைத் தவிர, எழுதப்படமாட்டா. அதாவது நிரலின் கட்டளைகள் இருக்கும் பகுதியே கோப்பில் வராது. பிழை தேடுபவரிடம் மூல இயங்குகோப்பு எப்படியும் இருக்கும் என்பதால் கெர்னல் அதை மறுபடி எழுதி இடத்தை வீணாக்குவதில்லை.

4 ஜூன் 2024

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். உங்கள் எண்ணம் புதியதன்று, பயனற்றதும் அன்று. முன்னோர் செய்து பார்த்த வழிதான். யுனிக்ஸில் அன்டம்ப் என்ற கருவி கோர் கோப்பையும் மூல இயங்குகோப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு மூன்றாவதாக ஓர் இயங்குகோப்பைத் தந்தது. டொனால்ட் க்னூத்தின் டெக் அச்சுக்கோப்பு நிரல் தன் மேக்ரோக்களை (சுருக்கக் கட்டளைகளை) ஒவ்வொரு முறையும் படித்து நேரத்தைக் கழிக்காமல் இருக்க, அவற்றை ஏற்றி முடித்த நிலையிலேயே சேமித்து வைக்கும் வழக்கம் தொடக்க காலத்திலேயே இருந்தது. பெர்ல் மொழியிலும் டம்ப் என்றே ஒரு செயற்கூறு உண்டு. அது கோர் கோப்பை உண்டாக்கும், அதை இயங்குகோப்பாக மாற்ற அன்டம்ப்பை நீங்களே தேடிக்கொள்ளவேண்டும் என்று அதன் கையேடு சொல்லும். இன்று டெக் அந்த வழியில் போவதில்லை. தனக்கு வேண்டிய அட்டவணைகளை மட்டும் ஃபார்மட் கோப்பு என்ற தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, தொடங்கும்போது அதைப் படித்துக்கொள்கிறது. அச்சுத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இந்த உதாரணம் பிடிக்கும் என்பதால் முதலில் சொன்னேன்.

5 ஜூன் 2024

இந்த வேலையை மிக நீண்ட காலம் செய்துவந்தது இமேக்ஸ் எடிட்டர்தான். அதன் பெரும்பகுதி லிஸ்ப்பில் எழுதப்பட்டது. முதலில் டிஇமேக்ஸ் என்ற வெற்று நிரல் கட்டப்படும். அது ஓடி, லிஸ்ப் கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளும். பிறகு அன்எக்ஸெக் என்ற செயற்கூறு ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் தரவுப் பகுதியைப் புதிய இயங்குகோப்பாக எழுதும். அந்தக் கோப்புதான் அந்தக் காலத்தில் நாம் நிறுவிய இமேக்ஸ்.

அதன் நுட்பத்தை நீங்களே கண்ணால் பார்க்கலாம். இமேக்ஸ் 26இன் மூலநிரலைக் கட்டிவிட்டு, டிஇமேக்ஸ், இமேக்ஸ் ஆகிய இரண்டு கோப்புகளையும், இஎல்எஃப் கோப்பின் அமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியில் கொடுத்து, செக்மெண்ட் (நினைவகத்தில் ஏற்றப்படும் பகுதி) பட்டியலில் எழுதக்கூடிய பகுதிக்கான வரியை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு செக்மெண்ட்டுக்கும் இரண்டு அளவுகள் இருக்கும்: கோப்பில் எவ்வளவு, நினைவகத்தில் எவ்வளவு. டிஇமேக்ஸில் முதல் எண் சிறியது, இரண்டாவது எண் பெரியது. அந்த வித்தியாசம் மதிப்பு தரப்படாத மாறிகளின் இடம். எல்லாம் பூஜ்யமாகத் தொடங்குவதால் அதற்குக் கோப்பில் ஒரு பைட்கூடச் செலவிடுவதில்லை. கொட்டி எழுதப்பட்ட இமேக்ஸிலோ இரண்டு எண்களும் ஒன்றாகிவிடும், கோப்பும் பருத்திருக்கும். காலியாக இருந்த மாறிகளில் எல்லாம் இப்போது மதிப்புகள் நிரம்பிவிட்டதால், அந்த இடம் முழுவதும் உண்மையான தரவாகக் கோப்புக்குள் எழுதப்பட்டுவிட்டது. அன்எக்ஸெக்கின் சாரம் இந்த ஒரு வரியில் தெரியும்.

5 ஜூன் 2024, சற்றுப் பிறகு

ராயபுரத்திலிருந்து ஒருவர், 'கொட்டிய கோப்பை ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடருமா' என்று கேட்டிருக்கிறார். தொடராது ஐயா. நிரல் எந்த இடத்தில் நின்றது என்ற கணக்கை வைத்திருக்கும் ஸ்டாக்கும் ரெஜிஸ்டர்களும் அந்தக் கோப்பில் இல்லை. நிரல் மறுபடியும் முதல் வரியிலிருந்துதான் தொடங்கும். 'ஏற்கெனவே எல்லாம் தயாராகிவிட்டது' என்று குறித்துவைத்த ஒரு மாறி மட்டும் உண்மை என்ற மதிப்போடு காத்திருக்கும். அதைப் பார்த்ததும் ஏற்றும் வேலையைத் தாண்டிவிடும். அச்சகத்துக்குத் தேவையானதும் இதுதான்.

8 ஜூன் 2024

இனி, சிக்கல் எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். நினைவகத்தில் இருக்கும் பைட்டுகளை வட்டில் எழுதுவது எளிது. அந்த பைட்டுகள் தமக்கு வெளியே எவற்றைச் சுட்டிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் கடினம். வீடு மாறும்போது கட்டில், பீரோ எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிடலாம். மின் மீட்டரையும் குடிநீர் இணைப்பையும் ஏற்ற முடியாது, புதிய வீட்டில் புதிதாகத்தான் வாங்கவேண்டும். திறந்திருக்கும் கோப்பு, நெட்வொர்க் இணைப்பு, பிரிண்டரோடு உள்ள தொடர்பு, ஓடும் பிற த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஆகியவை எல்லாம் கெர்னலின் கணக்கில் இருப்பவை. நிரலின் நினைவகத்தில் இருப்பது 5 அல்லது 7 போன்ற ஓர் எண் மட்டுமே. புதிய செயல்முறையில் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது, அல்லது தொடர்பே இல்லாத வேறொரு கோப்பு இருக்கும். இரண்டாவது நிலைதான் ஆபத்தானது, ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராமலேயே தவறான கோப்பில் எழுத்து போய் விழும்.

லைப்ரரிகளின் முகவரிகளும் இப்படித்தான். நிரல் சி லைப்ரரியின் ஒரு செயற்கூற்றை முதன்முறை அழைக்கும்போது, நிரலையும் லைப்ரரியையும் இணைக்கும் டைனமிக் லிங்கர் அதன் முகவரியைக் கண்டுபிடித்து ஓர் அட்டவணையில் எழுதி வைக்கிறது. அந்த அட்டவணை தரவுப் பகுதியில் இருப்பதால், கொட்டும்போது அதுவும் கோப்புக்குள் போய்விடும். அடுத்த முறை லைப்ரரி வேறு முகவரியில் ஏறியிருந்தால் பழைய முகவரிக்குத் தாவிய நிரல் உடனே விழுந்துவிடும். இதற்காகவே இமேக்ஸின் அன்எக்ஸெக்கில், லிங்கர் செய்துவைத்த மாற்றங்களைத் தேடி, மூலக் கோப்பில் இருந்த மதிப்புகளை மறுபடி எழுதும் பகுதி ஒன்று இருந்தது. ஓடும் நிரலை அப்படியே எடுப்பது என்று நாம் எளிதாகச் சொன்னாலும், சில இடங்களை ஓடாத நிலைக்குத் திருப்பிய பிறகுதான் எழுதவேண்டியிருக்கிறது.

9 ஜூன் 2024

முகவரிகள் ஒவ்வொரு முறையும் மாறுவது தற்செயலன்று. தாக்குபவர் முகவரியை முன்கூட்டி அறியக்கூடாது என்பதற்காக லினக்ஸ் வேண்டுமென்றே கலைத்து வைக்கிறது. ரேண்டமைஸ்-விஏ-ஸ்பேஸ் என்ற கெர்னல் அமைப்பின் மதிப்பு 0 என்றால் கலைப்பு இல்லை. 1 என்றால் ஸ்டாக்கும் லைப்ரரிகளும் இடம் மாறும். 2 என்றால் ஹீப்பின் (ஓடும்போது நிரல் கேட்டு வாங்கும் நினைவகத்தின்) தொடக்கமும் இடம் மாறும். பெரும்பாலான விநியோகங்களில் 2 இருக்கும். அன்எக்ஸெக் எதிர்பார்த்ததோ, ஹீப் தரவுப் பகுதியை ஒட்டியே தொடங்கவேண்டும் என்பது. அதனால் இமேக்ஸைக் கட்டுபவர்கள் அந்த ஒரு படிக்கு மட்டும் கலைப்பை நிறுத்திவிட்டு ஓட்டவேண்டியிருந்தது. நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் டாக்கர் கண்டெய்னருக்குள் அதன் இயல்பான பாதுகாப்பு வடிகட்டி இப்படி நிறுத்த அனுமதிக்காததால், கட்டும் வேலை அங்கே பாதியில் முறிந்தது.

10 ஜூன் 2024

முடிச்சு இன்னும் இறுகியது சி லைப்ரரியால்தான். ஹீப்பில் எந்தத் துண்டு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கணக்கும், நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் மால்லாக் என்ற செயற்கூற்றின் நினைவகத்திலேயே இருக்கிறது. அதைச் சேமித்துத் திரும்ப வைக்க, லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி இரண்டு செயற்கூறுகளைத் தந்திருந்தது. அவற்றின் பயனர் என்று சொல்ல ஏறக்குறைய இமேக்ஸ் மட்டுமே இருந்தது. 2016இன் தொடக்கத்தில், அந்தச் சுமையை இனி சுமக்க விரும்பவில்லை என்று ஜிலிப்சி பராமரிப்பாளர்கள் தெரிவித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஒரே ஒரு நிரலுக்காக, உலகம் முழுவதும் பயன்படும் லைப்ரரியின் உள்ளமைப்பை மாற்றாமல் உறைய வைக்கச் சொல்ல முடியாது.

அதன் விளைவாக வந்த மாற்று வழி என்னை மிகவும் கவர்ந்தது. டேனியல் கொலாஷியோன் எழுதிய போர்ட்டபிள் டம்ப்பர், 2020 ஆகஸ்டில் வந்த இமேக்ஸ் 27.1இல் சேர்ந்தது. அது நினைவகத்தைக் கண்மூடித்தனமாக எடுப்பதில்லை. தன் லிஸ்ப் பொருள்களை, சுட்டிகளை (ஒரு பொருளின் முகவரியைக் குறிக்கும் எண்களை) பின்தொடர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு தனித் தரவுக் கோப்பில் அடுக்கி, எந்தெந்த இடங்களில் சுட்டிகள் இருக்கின்றன என்ற பட்டியலையும் கூடவே எழுதுகிறது. தொடங்கும்போது அந்தக் கோப்பு எந்த முகவரியில் ஏறினாலும் பட்டியலைப் பார்த்துச் சுட்டிகளைச் சரிசெய்துகொள்ளலாம். வேறொரு முறை கட்டப்பட்ட இயங்குகோப்போடு தவறாகச் சேர்ந்துவிடாதபடி இரண்டிலும் ஒரே கைரேகை எண் பொறிக்கப்பட்டிருக்கும். பொருந்தாவிட்டால் ஏற்ற மறுத்துவிடும்.

என் நிலைப்பாடும் இதுதான், தம்பி. எது சுட்டி, எது வெறும் எண், எது வெளியுலகத்தோடு ஒட்டியது என்பதை வெளியிலிருந்து பார்க்கும் கருவியால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பொருள்களை உருவாக்கிய மொழியின் இயக்கச் சூழலுக்குத்தான் அது தெரியும். ஆகவே கொட்டும் வேலையை அதனிடமே விடவேண்டும்.

12 ஜூன் 2024: கொருக்குப்பேட்டை வாசகர்

அண்ணா, அப்படியானால் க்ரியூ என்று ஒன்று இருக்கிறதே? எந்த நிரலையும் நிறுத்தி, சேமித்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கிறது என்கிறார்கள். அது வெளியிலிருந்து பார்க்கும் கருவிதானே?

12 ஜூன் 2024

நல்ல கேள்வி. 2011இல் பாவெல் எமெல்யானோவ் தொடங்கிய க்ரியூ, நான் மேலே சொன்ன எல்லையை மீறுவதில்லை. பைட்டுகளை விளக்க முயலாமல், முகவரி உட்பட எல்லாவற்றையும் பழையபடியே அமைத்துவிடுகிறது. ஒரே முகவரிகள், ஒரே செயல்முறை எண், ஒரே கோப்பு எண்கள், ஸ்டாக், ரெஜிஸ்டர்கள் என்று அனைத்தும் திரும்பி வரும். அதற்காக ஓடும் செயல்முறைக்குள்ளேயே ஒரு சிறு துணைக் குறிமுறையைச் செலுத்தி உள்ளிருந்து விவரங்களைச் சேகரிக்கிறது. கெர்னலிலும் இதற்கென்றே சில வசதிகள் சேர்க்கப்பட்டன. கண்டெய்னர்களை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துபவர்களுக்கு அது அருமையான கருவி.

ஆனால் அது தருவது ஒரு கோப்பகம் நிறைய இமேஜ் கோப்புகள். இருமுறை கிளிக் செய்து திறக்கும் ஒற்றை இயங்குகோப்பன்று. அதே லைப்ரரிக் கோப்புகள் அதே இடத்தில் மாறாமல் இருக்கவேண்டும்; அச்சகக் கணினியில் ஓர் அப்டேட் வந்தால் அது கெட்டுவிடும். உங்கள் தேவைக்கு அது பொருந்தாது.

15 ஜூன் 2024

இனி நம் சொற்பிழை திருத்திக்கு வருகிறேன். அது எஸ்பிசிஎல் என்ற காமன் லிஸ்ப் சூழலில் ஓடுகிறது. அதில் சேவ்-லிஸ்ப்-அண்ட்-டை என்ற செயற்கூறு இருக்கிறது. இயங்குகோப்பாக எழுதவேண்டும் என்ற விருப்பத்தையும், முதலில் அழைக்கவேண்டிய செயற்கூற்றின் பெயரையும் கொடுத்தால், லிஸ்ப் ஹீப் முழுவதையும் இயக்கச் சூழலோடு சேர்த்து ஒரே கோப்பாக எழுதிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையை முடித்துக்கொள்ளும். எழுதுவதற்கு முன் தேவையற்ற பொருள்களைக் கழித்து, எஞ்சியதை நெருக்கி அடுக்கும். எழுதும் தருணத்தில் ஒரே ஒரு த்ரெட்தான் ஓடவேண்டும். வேறு த்ரெட் ஓடினால் எழுத மறுத்துவிடும். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் வேறொரு த்ரெட் ஒரு பூட்டைப் பிடித்திருக்கும் நிலையில் எழுதிவிட்டால், அதைத் திறக்க ஆளில்லாமல் புதிய கோப்பு என்றென்றைக்கும் காத்திருக்கும்.

சேமித்த கோப்பின் கட்டளை வரியில் பதிப்பைக் கேட்கும் விருப்பத்தைக் கொடுத்துப் பாருங்கள்: நம் நிரலின் பதிப்புக்குப் பதிலாக எஸ்பிசிஎல்லின் பதிப்பு எண் வரும். அந்த விருப்பங்களை உள்ளே இருக்கும் இயக்கச் சூழலே முதலில் பிடித்துக்கொள்கிறது. சேமிக்கும்போதே இயக்க விருப்பங்களையும் உறைய வைக்கச் சொன்னால் அவை நம் நிரலுக்கு வந்து சேரும். அச்சகத்துக்கான கோப்பில் அப்படியே வைத்திருக்கிறேன்.

16 ஜூன் 2024

இதை நேற்றே எழுதியிருக்கலாம். ஆனால் தனியாக நின்று படிக்கப்படவேண்டியது என்பதால் பிரித்து எழுதுகிறேன். சேமித்த கோப்புக்குள் என்னவெல்லாம் போயிருக்கிறது என்று யோசியுங்கள். நிரல் ஏறும்போது படித்த ஹோம் கோப்பகத்தின் பெயர், சூழல் மாறிகளிலிருந்து எடுத்த மதிப்புகள், எங்காவது தட்டச்சு செய்த கடவுச்சொல், இன்னும் மேலெழுதப்படாத பழைய எழுத்துகள் ஆகிய எல்லாம் போகக்கூடும். தண்டையார்பேட்டையில் என் மேசையில் எழுதப்பட்ட கோப்பு, வண்ணாரப்பேட்டையில் உங்கள் கணினியில் திறக்கும்போது, என் கோப்பகத்தைத் தேடக்கூடாது. இவற்றை மாறியில் வைக்காமல், தொடங்கிய பிறகு கேட்டு வாங்கும்படி எழுதவேண்டும். கோப்பை யாருக்காவது கொடுப்பதற்கு முன் எழுத்துத் தொடர்களைப் பட்டியலிடும் ஸ்ட்ரிங்ஸ் கருவியில் சாதாரணமாக ஒரு முறையும், எழுத்துக்கு 32 பிட் என்ற விருப்பத்தோடு ஒரு முறையும் ஓட்டி (எஸ்பிசிஎல் பெரும்பாலான எழுத்துச்சரங்களை அப்படித்தான் வைத்திருக்கும்), உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் தேடிப் பாருங்கள். இதை நான் வேண்டுகோளாகவே சொல்கிறேன்.

தற்செயல் எண்களும் அப்படித்தான். எண் உருவாக்கியின் நிலையும் நினைவகத்தில் இருப்பதால் கோப்பில் உறைந்துவிடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே வரிசை வரும். சொற்பிழை திருத்திக்கு இதனால் கேடில்லை. டோக்கனோ சாவியோ உருவாக்கும் நிரலாக இருந்தால் அது பெருங்கேடு. தொடங்கியதும் புதிய விதையை (எண் வரிசையின் தொடக்க மதிப்பை) இடவேண்டும்.

16 ஜூன் 2024, மாலை

வாசகர் ஒருவர் பைத்தானில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்குச் சுருக்கமாக: 3.3ஆம் பதிப்பிலிருந்து பைத்தான் எழுத்துச்சரங்களின் ஹேஷ் மதிப்பை (அகராதியில் ஒன்றைத் தேடும் இடத்தைக் காட்டும் எண்ணை) ஒவ்வொரு செயல்முறைக்கும் வேறொரு விதையோடு கணக்கிடுகிறது. நினைவகத்தை உறைய வைத்தால் விதையும் உறைய வேண்டும், இல்லாவிட்டால் அகராதிகளில் எதுவும் கிடைக்காது. விதையை உறைய வைத்தால், எதற்காக விதை மாறவேண்டும் என்று வைத்தார்களோ அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

22 ஜூன் 2024

கோப்பு தயார். இயக்கச் சூழலும் கம்பைலரும் உள்ளேயே இருப்பதால் பல பத்து எம்பி வருகிறது. பென்டிரைவில் எளிதாக அடங்கும். சுருக்கி எழுதும் வசதியும் உண்டு, ஆனால் அதை எடுக்கவில்லை. சுருக்கிய கோப்பைத் தொடங்கும்போதெல்லாம் முழுவதும் விரிக்கவேண்டும். காத்திருப்பைக் குறைப்பதற்காகச் செய்த வேலையில் காத்திருப்பை மறுபடி சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாகப் படிக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்தும், சுருக்காத கோப்பே முந்துகிறது என்பதை அங்கேயே ஓட்டிப் பார்த்தேன்.

23 ஜூன் 2024: கொருக்குப்பேட்டை வாசகர்

அண்ணா, திறந்தவுடனேயே வந்துவிடுகிறது. காலையில் ஒரு முறை கரண்ட் போனபோதும் பத்திரிகை அடிக்க வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் நிரல் தயாராக இருந்தது. புதிய சொற்களைச் சேர்த்தால் என்ன செய்வது? இன்று நீங்கள் அனுப்பிய புதிய கோப்பைப் பழையதன் மேல் காப்பி செய்யப் போனால் 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று மறுக்கிறது.

23 ஜூன் 2024

சொற்பட்டியல் மாறினால் கோப்பை மறுபடியும் முதலிலிருந்து கட்டித்தான் ஆகவேண்டும். ஏற்கெனவே சேமித்த கோப்பைத் திறந்து, அதில் சொற்களைச் சேர்த்து, மேலும் ஒரு முறை சேமிப்பதும் முடியும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். எந்தச் சொல் எப்போது வந்தது என்ற தடம் மூலக் கோப்புகளில் இல்லாமல் போய்விடும், பிறகு யாராலும் அந்தக் கோப்பைப் புதிதாகக் கட்ட முடியாது. புதிய சொற்களைப் பட்டியல் கோப்பில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கட்டும் ஸ்கிரிப்ட்டையும் உங்கள் கணினியில் வைத்திருக்கிறேன், நீங்களே ஓட்டினாலும் சரி.

அந்தச் செய்திக்குக் காரணம், ஓடிக்கொண்டிருக்கும் இயங்குகோப்பின் மேல் எழுதக் கெர்னல் விடாது என்பதே. புதிய கோப்பை அதே கோப்பகத்தில் வேறு பெயரில் காப்பி செய்யுங்கள். பிறகு எம்வி கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு தொடரும். அடுத்த முறை திறக்கும்போது புதியது வரும். மாற்றுவதற்கு முன் பழையதை இன்னொரு பெயரில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.